புத்தகத்தில் இல்லாத நோய்

ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையை என்னிடம் நீட்டிவிட்டு, பிலோமி முகத்தை உப்பளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஏளா ஜெபமணி, மெதுவாக் குத்து. எலும்புல போயி முட்டிராத.”

“பேசாம இரி. நீ பேசினா விரலு ஆடுது.”

ஸ்பிரிட் பஞ்சால் அவள் விரலைத் துடைத்து ஊசியால் குத்தினேன். ஒரு சொட்டு எழும்பி நின்றது. அதைக் கண்ணாடித் துண்டில் தொட்டு, இன்னொரு துண்டின் விளிம்பால் இழுத்தேன். படலம் நாக்கு வடிவத்தில் விழ வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்கு அது நாக்கு மாதிரி விழுந்தது.

நோயாளியின் ரத்தத்தைப் பார்க்குமுன் ஆரோக்கியமான ரத்தத்தைப் பார்த்துப் பழகு, உன்னுடையதையோ உடன் படிப்பவருடையதையோ எடுத்துக்கொள் என்பது அந்தப் புத்தகத்தின் உத்தரவு. அதற்குக் கீழ்ப்படிந்துதான் நான் அவளைக் குத்தினேன். என் விரலில் அவள் ஏற்கெனவே குத்தியிருந்தாள்.

இரண்டு கண்ணாடிகளையும் அருகருகே வைத்து ஒரே குப்பியிலிருந்து சாயம் ஊற்றினோம். கழுவினோம். காயவைத்தோம். பிறகு அவளுடைய ரத்தத்தை நானும் என்னுடைய ரத்தத்தை அவளும் மாறி மாறிப் பார்ப்பதென்று ஏற்பாடு.

ஒரே ஒரு வாத்தியார்

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு தங்கை, “அந்தக் காலத்தில் ரத்தப் பரிசோதனையை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்டு எழுதியிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. யுத்த காலம் அது. தூத்துக்குடியில் நாங்கள் சேர்ந்த ஆஸ்பத்திரியின் லேபரட்டரியை நடத்தி வந்தவர் பட்டாளத்து மருத்துவப் பிரிவில் சேர்ந்து போய்விட்டார். இடத்தை நிரப்ப ஆண்கள் கிடைக்கவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த இரண்டு பெண்களை டாக்டர் சங்கரலிங்கம் எடுத்துக்கொண்டார். ஒருத்தி சாயர்புரத்து ஜெபமணி, நான். மற்றவள் தருவைகுளத்து பிலோமினா.

முதல் நாள் டாக்டர் பீரோவைத் திறந்து ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். “இங்க இருந்த வாத்தியார் பர்மா பக்கம் போயிட்டாரு. இனிமே உங்களுக்கு இதுதான் வாத்தியார். தெரியாததை எங்கிட்ட கேளுங்க, நான் வார்டுல இல்லாத நேரமாப் பாத்து” என்றார். அவர் வார்டில் இல்லாத நேரம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ரத்தப் பரிசோதனை பயில்கிறவர்களுக்கென்று எழுதப்பட்ட பாடப்புத்தகம் அது. நாங்கள் தொடுமுன்பே அதற்கு வயதாகியிருந்தது. முதுகு பிய்ந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். திறந்தால் மைக்ராஸ்கோப்புக்கு விடுகிற தேவதாரு எண்ணெயின் வாசனை வரும். நடுவில் வண்ணப்படங்கள், ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய தாள். அந்தத் தாளைத் தூக்கும்போதெல்லாம் பிலோமி மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

புதிய பதிப்பு வந்துவிட்டதாகக் கேள்வி. ஆனால் சீமையிலிருந்து கப்பல் வருவதே அபூர்வமான நாட்களில் புத்தகமா வரும்?

எங்கள் பெரிய தொந்தரவு இங்கிலீஷ் அல்ல, உவமைகள். சுருங்கிப்போன சிவப்பணு அந்த நாட்டு மரம் ஒன்றின் முள்ளுக்காயைப் போல இருக்கும் என்று எழுதியிருந்தது. அந்த மரத்தை எங்கே போய்ப் பார்ப்பது? பிலோமி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “இது எங்க கடல்ல பாறை இடுக்குல உருண்டையா முள்ளு முள்ளாக் கெடக்குமே, காலு வச்சா ஏறுமே, அதுளா” என்றாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் சிவப்பணுக்களைக் காசு அடுக்கு என்றது புத்தகம். எனக்கு அது கருப்பட்டி வட்டு அடுக்காகத்தான் தெரிந்தது. இப்படி என் ஊர்ச் செம்மணல் தேரிக்காட்டிலிருந்தும் அவள் ஊர்க் கடற்கரையிலிருந்தும் சாமான் எடுத்துப் போட்டு அந்தப் புத்தகத்தை எங்களுடையதாக்கிக்கொண்டோம்.

மைக்ராஸ்கோப்புக்கு விளக்கு கிடையாது. அடியில் உள்ள கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உப்பு அம்பாரங்களில் பட்டு வருகிற வெளிச்சத்துக்குத் தூத்துக்குடியில் பஞ்சமே இல்லை.

மீன் சினை

அன்றைக்கும் அப்படி வெயிலைப் பிடித்துக்கொண்டு பிலோமியின் ரத்தத்தைப் பார்த்தேன். பார்த்ததும் கண்ணை எடுத்துவிட்டேன்.

வெள்ளணுக்களில் ஒரு வகை உண்டு. உடம்பு முழுக்க ஆரஞ்சுச் சிவப்பு மணிகள் அப்பியிருக்கும். இயோசினோபில் என்று பெயர். அழகான அணு. நல்ல ரத்தத்தில் தேடினால்தான் ஒன்றிரண்டு அகப்படும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. எனக்கு முன்னால் திரும்பின பக்கமெல்லாம் அதுவே நின்றது. மற்ற வெள்ளணுக்கள் கூட்டத்தில் வழி தவறியவர்களைப் போல அங்கங்கே நின்றன.

“சாயம் கெட்டுப் போச்சு போலிருக்குடி” என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். “மீன் சினையைக் கொட்டினாப்புல இருக்கே!” என்று சிரித்தாள். “உன் கண்ணாடியில இப்படி இல்லியே. அதுலயும் இதே சாயந்தான?”

என் ரத்தத்தைப் பார்த்தேன். புத்தகத்தின் படம் போலவே இருந்தது. சாயம் கெடவில்லை.

பிலோமியின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

இருமல்

சில மாதங்களாகவே அவளுக்கு இருமல். நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரே அறையில் தங்கியிருந்தோம். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு இருமுவாள், மேட்ரனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. நெஞ்சில் விசில் ஊதும். கழுத்தெலும்பு துருத்தத் தொடங்கியிருந்தது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும்.

இருமல், காய்ச்சல், மெலிவு என்றால் அந்நாளில் எல்லோர் வாயிலும் வருகிற பெயர் ஒன்றுதான், டி.பி. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கு அது வந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டும். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. எனக்குத் தெரியாமல் தன் சளியைத் தானே பலமுறை பரிசோதித்திருக்கிறாள். கிருமி ஒன்றுகூட அகப்படவில்லை. அதை அன்றுதான் என்னிடம் சொன்னாள்.

“டி.பி இல்லைன்னு ஆனப்போ எம்புட்டு சந்தோசப்பட்டேன் தெரியுமா? மாதா கோயில்ல மெழுகுதிரி கொளுத்திட்டு வந்தேன். இப்ப இது என்னளா புதுசா?”

புத்தகத்தைத் திறந்தோம். இந்த அணு பெருகுவதற்கான காரணங்களை வரிசையாகக் கொடுத்திருந்தது. வயிற்றுப் பூச்சி. ஆஸ்துமா. சில தோல் நோய்கள். கடைசியில் பொடி எழுத்தில், மிக அபூர்வமாக, இந்த அணுக்களே ரத்தத்தை நிறைத்துவிடும் ஒருவகை லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்று. சிகிச்சை இல்லை, சில மாதங்களில் மரணம்.

நான் அந்த வரியைப் படித்துவிட்டுச் சட்டென்று பக்கத்தைத் திருப்பினேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிய பக்கத்தை மறுபடி திருப்பினாள். சத்தம் போடாமல், உதடு மட்டும் அசைய, முழுவதையும் படித்தாள்.

“பூச்சியாத்தான் இருக்கும்” என்றேன்.

“இருக்கும்” என்றாள்.

பூச்சி மருந்து சாப்பிட்டாள். விளக்கெண்ணெய் குடித்தாள். தோலில் ஒரு சொறியும் இல்லை. ஒரு வாரம் விட்டு மறுபடி குத்திப் பார்த்தோம். மீன் சினை குறையவில்லை, கூடியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் விரலை நீட்டவில்லை. ஆனால் முன்னைவிட அதிகமாகப் படித்தாள். லேபரட்டரி சர்ட்டிபிகேட்டுக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், சாதத்தைப் பிசைந்தபடி, ஏதோ கடைக்குப் போய்வருவதைப் பற்றிச் சொல்கிறவளைப் போலச் சொன்னாள்:

“ஏளா, டாக்டர்ட்ட சொல்லிராத. பரீட்சை எழுதிட்டுப் போறேன். எங்க கரையில ஒரு பொண்ணுகூட இந்த வேலைக்கு வந்ததில்ல. எங்கப்பா அந்த சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சுக்கிடட்டும். அதுக்கப்புறம் என்னமும் ஆவட்டும்.”

அவளுடைய அப்பா சூசை சங்கு குளிக்கிறவர். அம்மா இல்லை. சரியென்று நான் தலையை ஆட்டினேன்.

“யார் ரத்தம் இது?”

என்னால் முடிந்தவரை பேசாமலிருந்தேன். ஆனால் அவள் மாடிப்படி ஏறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருநாள், டாக்டர் ஏதோ முடிவைக் கேட்டு லேபரட்டரிக்குள் வந்தபோது, அவளுடைய கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

“சார், இதைக் கொஞ்சம் பாருங்க.”

அவசரமாகக் குனிந்தவர் அவசரமில்லாமல் பார்த்தார். துண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

“யார் ரத்தம் இது? எந்த வார்டு?”

வாசலிலிருந்து பதில் வந்தது.

“என்னோடதுதான் சார்.”

பிலோமி உள்ளே வந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். கோபமில்லை, களைப்புதான் இருந்தது. “லுக்கீமியா சார். புத்தகத்துல பாத்துட்டோம். பரீட்சை வரைக்கும் மட்டும் இருக்க விடுங்க.”

டாக்டர் அவளை ஸ்டூலில் உட்காரச் சொல்லி முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். எப்போது இருமல் அதிகம், எவ்வளவு நாளாக, ஊரில் யாருக்காவது யானைக்கால் உண்டா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டி, அது அச்சான வருஷத்தைப் பார்த்தார்.

“இது வேற ஒரு நோயாவும் இருக்கலாம். இந்தப் புத்தகம் அச்சான காலத்துல அதைப் பத்தி யாருக்கும் தெரியாதும்மா. இப்பத்தான், நம்ம நாட்டு டாக்டர்களே ரெண்டு மூணு பேரு எழுதுதாங்க. டி.பின்னு நெனச்சு வச்சிருந்த சில பேருக்கு டி.பி இல்ல, ரத்தத்துல இந்த அணுதான் பெருகிக் கெடக்குன்னு. நான் மாதப் பத்திரிகையில படிச்சேன். ஆனா நான் கண்ணால கண்டதில்ல. உறுதியாச் சொல்ல மாட்டேன்.”

பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, “புற்றா இருந்தா, முதிராத இளம் அணுக்கள் ரத்தத்துல வந்து நிக்கும். படம் புத்தகத்துல இருக்கு. புதுசா எடுங்க. மூலை முடுக்கெல்லாம் தேடுங்க. சாயங்காலம் வாரேன்” என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

தேடினோம்

அன்றைக்கு அவள் விரலை நானே குத்தினேன். பல கண்ணாடிகள் இழுத்தோம். அவளைப் பயமுறுத்திய அதே புத்தகத்தை மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் விரித்து, தாளைத் தூக்கிவிட்டு, அந்த இளம் அணுவின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டோம். உருண்டையான பெரிய உட்கரு, சுற்றி மெல்லிய நீலம்.

நான் பார்ப்பேன். கண் எரிந்தால் அவள் பார்ப்பாள். சந்தேகம் வந்தால், “வந்து பாருளா” என்று ஒருவரை ஒருவர் கூப்பிடுவோம். பார்த்தால் அது வேறு ஏதாவதாக இருக்கும்.

வெயில் சாய்ந்து உப்பு அம்பாரங்கள் மஞ்சளானபோது அவள் நிமிர்ந்தாள்.

“இளசு ஒண்ணுகூட இல்ல. எல்லாம் முத்தினதுதான்” என்றாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அத்தனை வாரங்களில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

டாக்டர் வந்து தானும் ஒருமுறை பார்த்தார். “நல்லது. அந்தப் பத்திரிகையில சொன்ன ஊசியைப் போட்டுப் பாத்துருவோம்” என்றார்.

“என்ன ஊசி சார்?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “பாஷாண ஊசி. ஆர்சனிக்.”

பிலோமி எழுந்து நின்றுவிட்டாள். “அந்த ஊசி வேண்டாம் சார். செத்தாலும் சாவேன்.”

வெள்ளிக்கிழமை வராந்தா

இது ஏன் என்று இந்தக் காலத்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். பென்சிலின் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். துறைமுக ஊரில் மேக நோய்க்கு, இப்போது பால்வினை நோய் என்கிறார்களே அதற்கு, அந்தப் பாஷாண ஊசிதான் மருந்து. வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியின் கீழ் வராந்தாவில் கப்பல்காரர்களும் தோணிக்காரர்களும் தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். அந்தப் பக்கமாகப் போகிற பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடப்பார்கள். அந்த ஊசிக்கு ஊரில் ‘கப்பக்காரன் ஊசி’ என்றே பெயர்.

கல்யாணமாகாத ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டாள் என்றால் கோயிலடியில் என்ன பேசுவார்கள்? அவள் அப்பா எந்த முகத்தோடு கடலுக்குப் போவார்? பிலோமி யோசித்தது அதைத்தான். டாக்டர் எவ்வளவு சொல்லியும் அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் அவளிடம் சொல்லாமல் மாட்டுவண்டி பிடித்துத் தருவைகுளம் போனேன்.

சூசை அய்யா குடிசை வாசலில் சங்கு அள்ளுகிற வலைப்பையைப் பின்னிக்கொண்டிருந்தார். ஆழத்தில் இறங்கி இறங்கி அவருக்குக் காது போய்விட்டது என்று பிலோமி சொல்லியிருக்கிறாள். இவ்வளவு போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. “அய்யா, நான் ஜெபமணி” என்பதற்கே கத்த வேண்டியிருந்தது. பக்கத்துக் குடிசைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மிச்சத்தை அங்கே நின்று எப்படிக் கத்துவது?

கையைக் காட்டி அவரைக் கடலோரத்துக்குக் கூட்டிப் போனேன். அலை உடைகிற இடத்தில், காற்று எங்கள் பேச்சைப் பிய்த்துக்கொண்டு போகிற இடத்தில் நின்று, அவர் காதருகே வாயை வைத்துக் கத்தினேன்.

“பிலோமிக்கு நெஞ்சுல சீக்கு!”

“டி.பியா?”

“இல்ல! வேற! மருந்து இருக்கு!”

“இருந்தா குடுக்க வேண்டியதுதான?”

“வேண்டாங்கா! கப்பக்காரனுக்குப் போடுத ஊசிதான் அதுக்கும் மருந்து! ஊரு பேசுமேன்னு பயப்படுதா!”

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணோரம் உப்புப் படிந்த சுருக்கங்கள். அலை காலை நனைத்துவிட்டுப் போனது.

“போட்டா பொழைச்சுக்கிடுவாளா?”

“டாக்டர் நம்புதாரு!”

“அவரு நம்புதாரு. நீ?”

“நானும் நம்புதேன் அய்யா!”

“பெறவு எதுக்கு இங்கன நின்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு கெடக்க? வா, போவோம்” என்று நடக்கத் தொடங்கிவிட்டார்.

கோயிலுக்குப் போட்டுக்கொள்கிற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். எங்களைப் பார்த்ததும் பிலோமிக்கு என் மேல் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. அப்பாவிடமும் முதலில் முடியாதென்றுதான் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லையோ, கேட்காத மாதிரி இருந்தாரோ, தெரியாது. வெள்ளிக்கிழமை வரை தூத்துக்குடியிலேயே ஒரு உறவினர் வீட்டில் தங்கிவிட்டார். ஊசி போடாமல் அவர் ஊர் திரும்பமாட்டார் என்று தெரிந்த பிறகு அவளும் சரியென்றாள்.

டாக்டர் நல்ல மனசோடு ஒரு யோசனை சொன்னார். எல்லோரும் போன பிறகு பின்னால் இருக்கும் அறையில் வைத்துப் போடலாம், யாருக்கும் தெரியாது. நான் அதை அய்யாவின் காதில் கத்திச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

“ஒளிச்சுப் போட்டா ஒளிக்க என்னமோ இருக்குன்னு ஆயிரும் டாக்டர். அங்கனயே போடுங்க. நான் கூட இருக்கேன்.”

வெள்ளிக்கிழமை வந்தது. வராந்தாவில் வரிசை. வெள்ளைச் சட்டையோடு முன்னால் அவர், பின்னால் பிலோமி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான். வரிசையில் நின்ற ஒரு தோணிக்காரர் எங்களைக் கண்டு திடுக்கிட்டு முகத்தைத் துண்டால் மறைக்கப் போனார். பிறகு அய்யாவை அடையாளம் கண்டு, “என்ன சூசையண்ணே, நீரு இங்கன எங்க?” என்றார்.

காது கேளாதவர்கள் பேசினால் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் இருக்கும். அன்றைக்கு அவர் பேசியது மேல் மாடி வார்டு வரை கேட்டது.

“எம் மவளுக்கு நெஞ்சுல சீக்கு. மூச்சு முட்டுது. இந்த ஊசிதான் அதுக்கு மருந்துன்னு டாக்டர் சொல்லுதாரு. அதான் கூட்டியாந்திருக்கேன்.”

தோணிக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். “பிள்ளையை முதல்ல போகச் சொல்லுங்கண்ணே” என்றார். அவருக்கு முன்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பெஞ்சில் பிலோமி உட்கார்ந்தாள். பக்கத்தில் அப்பா. நரம்பில் மெதுவாக மருந்து இறங்கியபோது அவள் மூக்கைச் சுளித்தாள். “பூண்டு நாத்தம் அடிக்கி” என்றாள். பாஷாணம் ரத்தத்தில் ஏறினால் அப்படித்தான் இருக்கும். அவள் தலையில் வைத்த கையை ஊசி முடிகிற வரை அவர் எடுக்கவில்லை.

குறைந்துகொண்டே வந்தது

இரண்டாவது ஊசிக்குப் பிறகு அவள் ராத்திரி முழுக்கத் தூங்கினாள். நான்தான் தூங்காமல் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஆரஞ்சு மணிக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒவ்வொரு வெள்ளியும் விடியுமுன் தருவைகுளத்திலிருந்து புறப்பட்டு அய்யா வந்துவிடுவார், அதே சட்டையோடு.

ஊர் பேசாமல் இல்லை. கோயிலடியில் சிலர் பேசினார்கள். பிலோமிக்குப் பேசி வந்த ஒரு சம்பந்தம் காரணம் சொல்லாமல் நின்றுபோனது. செய்தி வந்த மறுநாள் அவள் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். சில வருஷம் கழித்து, இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் அவளைக் கட்டிக்கொண்டார்.

தேர்வில் இருவரும் தேறினோம். அவளுடைய சர்ட்டிபிகேட் தருவைகுளத்துக் குடிசையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் தொங்கியது.

யுத்தம் முடிந்து கப்பல்கள் பழையபடி வரத் தொடங்கியபோது புதிய பாடப்புத்தகம் ஒன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது. முதுகு பிய்யாதது, மை வாசனை போகாதது. கட்டைப் பிரித்ததும் பிலோமி நேராக இயோசினோபில் பக்கத்துக்குப் போனாள். அந்த நோய்க்கு இப்போது ஒரு பெயர் இருந்தது. அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். இருமல், மெலிவு, ரத்தத்தில் பெருகும் அணு, டி.பியென்று தவறாக எண்ணப்படுவது, ஆர்சனிக் ஊசி, குணம்.

அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

“எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கான்” என்றாள். “எங்கப்பா பக்கத்துல உக்காந்திருந்ததை மட்டும் போடல.”

சொல்லிவிட்டு அடுத்த பாடத்தைப் புரட்டினாள்.